ஒரே பெயர், இரண்டு கதவுகள்: லண்டனில் மூடிய தாமஸ் குக், மும்பையில் மூடாத தாமஸ் குக்

2019 செப்டம்பர் 23, திங்கட்கிழமை. லண்டனில் நள்ளிரவு தாண்டி 2 மணி வாக்கில் தாமஸ் குக் நிறுவனம் இனி இயங்காது என்ற அறிவிப்பு வந்தது. அந்த நேரத்தில் அந்த நிறுவனத்தை நம்பி வெளியூர் போயிருந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர். ஊர் திரும்பப் பெட்டி கட்டி வைத்திருந்தவர்களுக்கும், மறுநாள் கிளம்பக் குழந்தைகளைத் தூங்க வைத்தவர்களுக்கும் ஒரே செய்திதான்: தாமஸ் குக் விமானம் கிடையாது. பிரிட்டன் அரசு கிடைத்த விமானங்களையெல்லாம் வாடகைக்குப் பிடித்து, 2 வாரத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. போர் இல்லாத காலத்தில் அந்த நாடு நடத்திய மிகப் பெரிய மீட்புப் பணி அதுதான். 'ஆபரேஷன் மேட்டர்ஹார்ன்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அதே திங்கட்கிழமை காலை, மும்பையில் தாமஸ் குக் இந்தியா நிறுவனம் வழக்கம்போல் கதவைத் திறந்தது. பெயர் ஒன்றுதான். பணம் கட்டியிருந்தவர்கள் பதறினார்கள். நிறுவனம் விளக்கம் கொடுத்தது: 2012லிருந்தே நாங்கள் தனி, அவர்கள் தனி, முதலாளியும் வேறு, கணக்கும் வேறு.

சுற்றுலாத் தொழிலை இன்டர்நெட்டும், புதிதாகப் பணம் பார்க்கத் தொடங்கியிருக்கும் நாடுகளும் எப்படிப் புரட்டிப் போட்டன என்பதைப் படிக்க, இந்த இரண்டு கதவுகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. "நெட் வந்தது, டிராவல் ஏஜென்ட் காலி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மையானால் மும்பைக் கதவும் மூடியிருக்க வேண்டும்.

ஒரு ஷில்லிங்கில் தொடங்கியது

தாமஸ் குக் ஒரு தச்சர்; பாப்டிஸ்ட் சபையின் பிரசங்கியும்கூட. 1841 ஜூலை 5ஆம் தேதி, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகச் சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துப் போனார். தலைக்கு ஒரு ஷில்லிங். ரயில் கம்பெனியிடம் மொத்தமாகப் பேசி, சில்லறையாக விற்பது. பேக்கேஜ் டூர் என்பதன் மொத்தக் கணக்கும் அந்த ஒரு நாளிலேயே இருக்கிறது. பிறகு ஹோட்டல் கூப்பன், 1872இல் 222 நாள் உலகச் சுற்றுப்பயணம், 1874இல் பயணிகள் காசோலைக்கு முன்னோடியான ஒரு தாள் என்று தொழில் விரிந்தது.

1881இல் பம்பாயில் அலுவலகம் திறந்தார்கள். 1886இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, மக்கா போகும் ஹஜ் பயணிகளின் போக்குவரத்தை இந்த நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சில ஆண்டுகள்தான் அந்த ஏற்பாடு நீடித்தது. ஆனாலும் இந்தியர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகும் வேலை இந்தப் பெயருக்குப் புதிதல்ல என்பதைக் கவனித்துக்கொள்ளலாம்.

நடுவில் கைமாறிய கதை நீளம். பெல்ஜியக் கம்பெனி, பிரிட்டன் அரசு, வங்கி, ஜெர்மானியர்கள் என்று பல முதலாளிகள். அவற்றில் ஒரு விற்பனையை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன். 2001இல் தாமஸ் குக்கின் உலகளாவிய அந்நியச் செலாவணித் தொழில் டிராவலெக்ஸ் நிறுவனத்துக்குப் போனது. நாணயம் மாற்றிக் கொடுக்கும் வேலை சலிப்பானதாகத் தோன்றியிருக்கும். இந்தியக் கிளை அதை விடவில்லை.

கல்லாவில் இருந்த பணம் யாருடையது

இந்தத் தொழிலில் பணம் ஓடும் திசையைப் புரிந்துகொள்ளாமல் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள முடியாது.

பிரிட்டனில் குளிரும் மழையுமான ஜனவரியில்தான் மக்கள் கோடை விடுமுறையைப் பதிவு செய்வார்கள். அப்போது முன்பணம். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு மீதி. ஆனால் ஸ்பெயின், கிரீஸ் ஹோட்டல்காரருக்குக் காசு போவது விருந்தாளி தங்கி முடித்துப் பல வாரம் கழித்து. ஆக, கோடையில் கல்லா நிரம்பி வழியும். இலையுதிர் காலத்தில் ஹோட்டல் பாக்கியெல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். குளிர்காலத்தில் கல்லா காலி. அந்தப் பள்ளத்தை வங்கிக் கடன்தான் நிரப்ப வேண்டும். செப்டம்பர் மாதக் கடைசி என்பது ஆண்டுதோறும் இந்த நிறுவனத்துக்குக் கண்டம். பிரிட்டனில் பேக்கேஜ் டூர் விற்பதற்கான 'ஏட்டால்' உரிமமும் அதே செப்டம்பர் இறுதியில்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். நிறுவனம் செப்டம்பரில் விழுந்தது தற்செயல் இல்லை.

இன்னொன்று: அறைகளையும் விமான இருக்கைகளையும் ஓராண்டுக்கும் மேலாக முன்கூட்டியே பேசி வைத்தாக வேண்டும். 2018 கோடையில் பிரிட்டனில் வெயில் கொளுத்தியது. வீட்டுப் பக்கத்துக் கடற்கரையே போதும் என்று மக்கள் தங்கிவிட்டார்கள். பேசி வைத்த அறைகளைக் கடைசி நேரத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரிலும் நவம்பரிலும் இரண்டு முறை, எதிர்பார்த்த லாபம் வராது என்று பங்குதாரர்களிடம் சொன்னார்கள்.

நெட் எந்தப் பக்கம் தாக்கியது

தாமஸ் குக்கின் கடைக்குள் போனால் பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். எந்த ஊர், எந்த ஹோட்டல், என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். அந்தப் புத்தகம் வாடிக்கையாளரிடம் இல்லாத தகவல். அதற்குத்தான் காசு.

அந்தத் தகவலை மூன்று பக்கத்திலிருந்தும் பிய்த்தெடுத்தார்கள். ஐரோப்பாவில் 1990களில் வான்வழிச் சந்தை திறந்துவிடப்பட்டதும் ஈஸிஜெட், ரயன்ஏர் போன்ற மலிவு விமானங்கள் பெருகின; 1998இல் ஈஸிஜெட் நெட்டில் சீட்டு விற்கத் தொடங்கியது. 2000இல் டிரிப்அட்வைசர் வந்து, ஹோட்டல் நல்லதா கெட்டதா என்பதைத் தங்கிவந்தவர்களே சொல்ல வைத்தது. மூன்றாவது, புக்கிங்.காம். 1996இல் நெதர்லாந்தில் தொடங்கிய இந்தச் சிறு நிறுவனத்தை 2005இல் அமெரிக்காவின் பிரைஸ்லைன் 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று திரும்பிப் பார்த்தால் கொசுறு விலை.

புக்கிங்.காம் கண்டுபிடித்தது தொழில்நுட்பத்தைவிடப் பெரிய விஷயம். அது அறைகளை முன்கூட்டி வாங்குவதில்லை. ஹோட்டல்காரர் தன் அறையைத் தானே ஏற்றி வைக்கிறார், விலையைத் தானே போடுகிறார். விற்றால் நூற்றுக்கு 15 அளவில் கமிஷன் தருகிறார். விற்காவிட்டால் நஷ்டம் ஹோட்டல்காரருக்கு மட்டும்தான். வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் தளத்துக்குக் கவலையில்லை. தாமஸ் குக்கோ நூற்றுக்கும் மேற்பட்ட சொந்த விமானங்களையும் பேசி வைத்த அறைகளையும் சுமந்துகொண்டு அதே வாடிக்கையாளருக்காக ஓடியது.

தரகர் போய்விட்டார் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். புக்கிங் குழுமம் 2019இல் கூகுள் போன்ற தளங்களில் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கான விளம்பரத்துக்கு மட்டும் 440 கோடி டாலர் செலவழித்தது. அப்போது அதன் வருமானம் சுமார் 1,500 கோடி டாலர். பழைய கடைவாடகை இப்போது தேடல் பக்கத்துக்குப் போகிறது. மலை ஊரில் 4 அறை வைத்து நடத்தும் ஒரு குடும்பம் அந்தக் கமிஷனில் எவ்வளவு தன் கைக்கு வராமல் போகிறது என்று நன்றாகவே அறியும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு முன்பு எந்தக் கதவும் இல்லை. தாமஸ் குக்கின் புத்தகத்தில் 4 அறை ஹோட்டலுக்கு இடமே கிடையாது. இலங்கையில் எல்ல என்ற மலை ஊரிலும் யாழ்ப்பாணத்திலும் வீட்டு மாடியை விருந்தினர் விடுதியாக்கியவர்களுக்கு ஜெர்மனியிலிருந்து ஆள் வருவது இந்தத் தளங்களால்தான். கமிஷன் வலிப்பது உண்மை. கதவு திறந்ததும் உண்மை.

கடையை வாங்கிய ஆண்டு

நெட் எல்லோரையும்தான் தாக்கியது. தாமஸ் குக் ஏன் எழுந்திருக்கவில்லை?

2007இல் அது மைடிராவல் என்ற போட்டி நிறுவனத்தோடு இணைந்தது. மைடிராவல் ஏற்கெனவே பல ஆண்டுகள் நஷ்டத்தில் தத்தளித்த நிறுவனம். 2011இல் கூட்டுறவு அமைப்பின் பயணக் கடைகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதன் பிறகு பிரிட்டன் வீதிகளில் அதற்கு 1,200க்கும் மேற்பட்ட கடைகள். 2011 எந்த ஆண்டு என்று நினைத்துப் பாருங்கள். ஐபேடு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. மக்கள் கடையைவிட்டுக் கைப்பேசிக்கு நகரும் நேரத்தில், இவர்கள் ஆயிரம் கடைகளுக்கு வாடகை கட்ட ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் வங்கிகளிடம் போய் அவசரமாக 20 கோடி பவுண்டு கடன் வாங்கினார்கள். முதல் மாரடைப்பு அதுதான்.

அதற்குப் பிறகு வந்த தலைமைகள் சும்மா இருந்துவிடவில்லை. கடைகளைக் குறைத்தார்கள், இணையதளத்தைச் சீர்செய்தார்கள், 'காசா குக்' என்று தனித்தன்மையுள்ள ஹோட்டல்களைத் தொடங்கினார்கள். 2017இல், நகர ஹோட்டல் விற்பனையை நெட் போட்டியாளரான எக்ஸ்பீடியாவிடமே ஒப்படைக்கும் ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் சம்பாதித்ததெல்லாம் வட்டிக்குப் போயிற்று. கடைசியில் கடன் 170 கோடி பவுண்டு. வட்டி கட்டுவதற்கு மட்டும் ஆண்டுக்கு 30 லட்சம் சுற்றுலாக்கள் விற்றாக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2019 மே மாதம், மைடிராவல் இணைப்பிலிருந்து கணக்கில் நின்ற நற்பெயர் மதிப்பில் (ஒரு நிறுவனத்தை வாங்கும்போது அதன் சொத்து மதிப்புக்கு மேல் கொடுக்கும் தொகை) 110 கோடி பவுண்டைத் துடைத்தெறிய வேண்டி வந்தது. அரையாண்டு நஷ்டம் 150 கோடி பவுண்டை நெருங்கியது. 12 ஆண்டுக்கு முன் செய்த தவறு அன்றுதான் கணக்குப் புத்தகத்தில் ஏறியது.

இங்கே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். நெட் தாமஸ் குக்கைக் கொல்லவில்லை; நெட் வந்தபோது மாறுவதற்குக் கையில் இருந்திருக்க வேண்டிய காசைக் கடன் தின்றுவிட்டது. இதற்குச் சாட்சி ஜெட்2 என்ற பிரிட்டன் விமான நிறுவனம். 2007இல்தான் 'ஜெட்2 ஹாலிடேஸ்' என்று பேக்கேஜ் டூர் விற்க ஆரம்பித்தது. சொந்த விமானம், நெட் விற்பனை, அடக்கமான கடன். தாமஸ் குக் போன பிறகு அது மேலும் வளர்ந்து பிரிட்டனின் மிகப் பெரிய பேக்கேஜ் டூர் நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. பேக்கேஜ் டூரை மக்கள் வெறுக்கவில்லை. கடைகளும் அப்படித்தான்: தாமஸ் குக்கின் 555 கடைகளை, அது விழுந்து சில வாரங்களில், சண்டர்லாந்தைச் சேர்ந்த ஹேஸ் டிராவல் என்ற குடும்ப நிறுவனம் ஊழியர்களோடு எடுத்துக்கொண்டது.

கடைசி நாட்களில் அடி வாங்கியவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். சுமார் 21,000 ஊழியர்கள், அதில் 9,000 பேர் பிரிட்டனில். அதற்கும் அப்பால், ஸ்பெயினிலும் கிரீஸிலும் துனீசியாவிலும், ஜூலை, ஆகஸ்டு மாதங்களுக்கான பாக்கி வராமலே போன ஹோட்டல்காரர்கள். துனீசியாவின் ஹம்மமெட்டில் ஒரு ஹோட்டல், நிறுவனம் விழும் என்ற வதந்தி வந்ததும், கணக்கைத் தீர்க்காமல் போகக் கூடாதென்று விருந்தாளிகளை வெளியே விடாமல் கேட்டைப் பூட்டிவிட்டது. விருந்தாளிகள் ஏற்கெனவே முழுப் பணமும் கட்டியவர்கள். செய்தி படித்தபோது அந்த ஹோட்டல்காரர்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் சமையலறையில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த மாதச் சம்பளம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்தபோது கோபம் தணிந்துவிட்டது. ஒரே பெரிய வியாபாரியை நம்பி ஒரு கடற்கரை முழுவதும் வாழ்ந்தால் இப்படித்தான் முடிகிறது.

மும்பைக் கதவு ஏன் மூடவில்லை

2012இல், கடனைக் குறைப்பதற்காக, லண்டன் நிறுவனம் தன் இந்தியக் கிளையில் இருந்த 77 சதவீதப் பங்கை 817 கோடி ரூபாய்க்கு விற்றது. வாங்கியது கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம். அதன் தலைவர் பிரேம் வத்ஸா, ஹைதராபாத்தில் பிறந்தவர். வளரும் சந்தையை விற்று வற்றும் சந்தையின் வட்டியைக் கட்டினார்கள். வேறு வழி இருந்திருக்காது என்பது புரிகிறது. ஆனால் இந்த ஆய்வில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் கிழித்துவைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இந்தியாவில் நெட் தாமதமாக வந்தது என்பது காரணமில்லை. 2002லேயே ரயில் டிக்கெட்டை ஐஆர்சிடிசி நெட்டில் விற்கத் தொடங்கிவிட்டது. அட்டை எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டுவதற்குப் பயந்த ஒரு தலைமுறையை, தட்கல் டிக்கெட்டுக்காகக் காலையில் எழுந்து உட்கார வைத்ததே அந்தத் தளம்தான். 2000இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களை நம்பித் தொடங்கிய மேக்மைடிரிப் என்ற பயணப் பதிவுத் தளம், 2005இல் இந்தியச் சந்தைக்குள் வந்தது. 2006இல் பஸ் சீட்டு விற்கும் ரெட்பஸ். உள்நாட்டுப் பயணத்தில் ஏஜென்டின் வேலையை நெட் பெருமளவு எடுத்துக்கொண்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போக இன்று யாரும் டிராவல்ஸ் அலுவலகத்தில் நின்று ஆம்னி பஸ் சீட்டு எழுதுவதில்லை.

வெளிநாட்டுப் பயணம் வேறு. மான்செஸ்டரில் இருப்பவருக்கு ஸ்பெயினுக்குச் சுற்றுலா போக விசா தேவையில்லை. வங்கி அட்டை அப்படியே செல்லும். சாப்பாடு பிரச்சினையில்லை. அவருக்கும் கடற்கரைக்கும் நடுவில் இருந்த ஒரே சுவர் தகவல். அதை நெட் இடித்ததும் கடை தேவையற்றதாயிற்று. கோயம்புத்தூரில் இருந்து முதல்முறை சுவிட்சர்லாந்து பார்க்க நினைக்கும் ஒரு தம்பதிக்கு முன்னால் நிற்கும் சுவர்களை எண்ணிப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா: மூன்று மாத வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல், பயணக் காப்பீடு, தங்கும் இடத்துக்கு அத்தாட்சி, கைரேகை. அந்நியச் செலாவணி: ரிசர்வ் வங்கியின் விதிகள், படிவங்கள், முன்கூட்டிப் பிடிக்கும் வரி. மூன்றாவது சுவரை வெள்ளைக்கார வல்லுநர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை: சாப்பாடு.

காசிக்கு ஆள் அழைத்துப் போகும் நம் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ரயிலில் 40 பேர், கூடவே ஒரு சமையல்காரர், கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, வத்தக்குழம்புக்கான பொடி. காசியில் இறங்கியதும் தயிர்சாதம் கிடைக்கும் என்ற உறுதிதான் அவர் விற்கும் சரக்கு. இந்தியாவிலிருந்து ஐரோப்பா போகும் குழுப் பயணங்கள் அதே சூத்திரத்தில்தான் ஓடுகின்றன. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இந்தியச் சாப்பாடு, சைவக்காரருக்கும் ஜைனருக்கும் தனிச் சமையல், மொழி தெரிந்த மேலாளர் ஒருவர் கூடவே. 60 வயதில் முதன்முதலாகப் பாஸ்போர்ட் எடுத்தவருக்கு இது ஆடம்பரம் இல்லை. இது இல்லாவிட்டால் அவர் கிளம்பவே மாட்டார். 2000இல் இந்தியாவிலிருந்து வெளிநாடு போனவர்கள் 44 லட்சம். 2019இல் 2 கோடியே 69 லட்சம். அந்த வளர்ச்சியில் முதல்முறைப் பயணிகள் ஏராளம்.

தாமஸ் குக் இந்தியா இந்தச் சுவர்களின்மேல்தான் உட்கார்ந்தது. செலாவணித் தொழிலை வைத்துக்கொண்டது, பயண அட்டை விற்றது. சென்னையில் 1986இல் தொடங்கி, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஏற்காட்டிலும் விடுதிகள் வைத்திருக்கும் ஸ்டெர்லிங் ஹாலிடேஸைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 2015இல் ஸ்விட்சர்லாந்தின் குவோனி நிறுவனம் தன் இந்திய, ஹாங்காங் சுற்றுலாத் தொழிலை விற்றபோது, 535 கோடி ரூபாய்க்கு அதையும் வாங்கியது. குவோனியிடம் இருந்த எஸ்ஓடிசி என்ற இந்தியச் சுற்றுலா நிறுவனம் அப்படித்தான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தது.

குவோனி ஏன் விற்றது என்பதில் இன்னொரு பாடம் இருக்கிறது. 1906இல் சூரிச்சில் பிறந்த நிறுவனம் அது. 2015 தொடக்கத்தில், டூர் நடத்தும் தொழிலையே விட்டுவிடுவதாக அறிவித்தது. வைத்துக்கொண்டவற்றில் முக்கியமானது எது தெரியுமா? அதன் இந்தியக் கிளைக்குள் 2001இல் மும்பையில் ஒரு சிறு யோசனையாக முளைத்த விஎஃப்எஸ். தூதரக வாசலில் வெயிலில் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, விண்ணப்பம் வாங்கும் வேலையை நாங்கள் செய்கிறோம் என்று தூதரகங்களிடம் கேட்டு வாங்கிய தொழில். சென்னையில் விசாவுக்குக் கைரேகை கொடுத்தவர்களுக்கு அந்த மூன்றெழுத்து நன்றாகத் தெரியும். நூறாண்டு பழைய சுவிஸ் டூர் கம்பெனிக்குத் தன் ஆல்ப்ஸ் பயணங்களைவிட மும்பையின் விசா வரிசை மதிப்புள்ளதாகத் தெரிந்தது. நெட்டால் தகவலை இலவசமாக்க முடியும், அரசு எழுப்பிய சுவரைத் தொட முடியாது என்பதைக் குவோனி லாப நஷ்டக் கணக்கிலேயே படித்துவிட்டது.

இந்தியக் கிளை தப்பியதற்கு முழுப் புகழையும் வியாபார அறிவுக்குக் கொடுத்துவிடவும் முடியாது. 2020இல் கோவிட் வந்தபோது அதுவும் தள்ளாடியது. 2021இல் ஃபேர்ஃபாக்ஸ் 400 கோடி ரூபாய்க்கும் மேல் புதிதாகப் போட்டது. லண்டன் நிறுவனத்துக்குக் கடைசி இரவில் இருந்தவர்கள் கடன் கொடுத்தவர்கள். மும்பைக்கு இருந்தது காசு வைத்திருந்த முதலாளி. இந்த வித்தியாசத்தை மறைத்து எழுதினால் ஆய்வு பொய்யாகிவிடும்.

சீனா எந்த வாசல் வழியாக வந்தது

வளரும் நாடுகளின் பணம் லண்டன் கதவையும் தட்டியது, கொஞ்சம் வேறு விதமாக. ஷாங்காயின் ஃபோசன் குழுமம் 2015இல் தாமஸ் குக்கில் 5 சதவீதப் பங்கு வாங்கி, பிறகு 18 சதவீதம் வரை உயர்த்தியது. அதே 2015இல் பிரான்ஸின் கிளப் மெட் என்ற விடுமுறை விடுதி நிறுவனத்தையும் பிடித்தது. சீனாவில் தாமஸ் குக்கோடு கூட்டு நிறுவனமும் தொடங்கியது. கணக்கு தெளிவு: 2000இல் சுமார் 1 கோடி இருந்த சீனர்களின் வெளிப்பயணங்கள் 2019இல் ஹாங்காங், மக்காவ் உட்பட 15 கோடியைத் தாண்டின. 2012இலேயே வெளிநாட்டுச் சுற்றுலாவில் அதிகம் செலவழிக்கும் நாடு சீனா. அந்தக் கூட்டத்தை ஐரோப்பியப் பெயர் ஒன்றின் வழியாக அழைத்துப் போகலாம் என்பது எண்ணம்.

சீனர்கள் அந்தப் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு 1999லிருந்தே சிட்ரிப் என்ற சொந்தப் பயணப் பதிவுத் தளம் இருந்தது. பணம் கட்ட அலிபே, வீசாட். எங்கே போகலாம் என்று கேட்க அவர்கள் மொழியில் அவர்கள் செயலிகள். பாரிஸில் இறங்கிய பிறகும் அவர்கள் தங்கள் நெட்டுக்குள்ளேயே நடமாடினார்கள். பாரிஸ் கடைக்காரர்தான் அலிபே ஸ்டிக்கரை ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. 2016இல் சிட்ரிப், விமானக் கட்டணங்களை ஒப்பிட்டுக் காட்டும் எடின்பரோவின் ஸ்கைஸ்கேனரை 140 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. 2019இல் மேக்மைடிரிப்பின் மிகப் பெரிய பங்குதாரரும் அதே சிட்ரிப்தான். வளரும் சந்தைகள் என்றால் மேற்கத்திய நிறுவனங்களுக்கு வரப்போகும் புது வாடிக்கையாளர்கள் என்றே பழைய அறிக்கைகள் எழுதின. 2030க்குள் உலகப் பயணிகளில் 57 சதவீதம் பேர் வளரும் நாடுகளைத் தேடிப் போவார்கள் என்று ஐநா சுற்றுலா அமைப்பு முன்பு கணித்தபோதும் அந்தத் தொனியே. வந்தவர்கள் தளத்தையும் பணப்பையையும் முதலீட்டையும் கையோடு கொண்டுவந்தார்கள்.

2019 கோடையில் ஃபோசன் 45 கோடி பவுண்டு போட முன்வந்தது. மொத்தம் 90 கோடி பவுண்டுக்கான மீட்புத் திட்டம் அது. கடைசி வாரத்தில் வங்கிகள் இன்னும் 20 கோடி வேண்டும் என்றன. 2011இல் அவசரமாக வாங்கிய அதே 20 கோடி. யாரும் தரவில்லை.

நவம்பரில் ஃபோசன் அந்தப் பெயரை மட்டும் 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஓராண்டுக்கு முன்பு வரை 900 கோடி பவுண்டுக்கு மேல் வியாபாரம் செய்த பெயர். 2020 செப்டம்பரில், கடையும் விமானமும் இல்லாத வெறும் இணையதளமாக அது மறுபடி பிறந்தது. 2024இல் அதைப் போலந்தின் ஈஸ்கை என்ற நெட் பயண நிறுவனம் வாங்கிக்கொண்டது.

மிச்சமிருக்கும் சுவர்கள்

மும்பை நிறுவனம் 2019 இறுதியில் இந்தியா, இலங்கை, மொரீஷியஸ் ஆகிய மூன்று நாடுகளுக்குத் தாமஸ் குக் என்ற பெயரின் உரிமையை 139 கோடி ரூபாய் கொடுத்து நிரந்தரமாக வாங்கிவிட்டது. லண்டன் தாய் நிறுவனம் இறந்தபின், இந்த மூன்று நாடுகளில் பெயர் பிள்ளைக்குச் சொந்தம்.

ஆனால் அதைக் காப்பாற்றிய சுவர்கள் இப்போது இறங்குகின்றன. 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றன. பொருளாதாரம் நொறுங்கி எழும் நேரத்தில் இலங்கை, இந்தியா, சீனா உட்பட 7 நாட்டவர்க்கு விசாக் கட்டணத்தை நீக்கியது. 2024இல் அங்கே வந்த 20 லட்சம் சொச்சம் பயணிகளில் 4 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ வேலை செய்யத் தொடங்கியது. கொழும்புக் கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டுபவருக்கு நாணயம் மாற்றும் கவுன்டர் எதற்கு? சாப்பாட்டுச் சுவர்கூட இளையவர்களுக்கு இல்லை. பாங்காக்கில் 25 வயதுக்காரர் தானே அறை பிடித்து, தானே தெருவோர நூடுல்ஸ் தின்றுவிட்டு வருகிறார்.

ஐரோப்பிய ஒன்றியமும் 2023 நவம்பரில் ஷெங்கன் விசாவை டிஜிட்டலாக்கும் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. முழுதாக நடைமுறைக்கு வர ஆண்டுகள் ஆகும். அது வந்த பிறகும், முதல்முறை விண்ணப்பிப்பவர் கைரேகை கொடுக்க நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.